பகிடி வதையாகும் இடம்: வகுப்பாசிரியருக்கும் பெற்றோருக்கும் ஒரு கைநூல்

தரம் 6 முதல் 11 வரை வகுப்புப் பொறுப்பு வைத்திருப்பவர்களுக்கும், அந்த வயதுப் பிள்ளை வீட்டில் இருப்பவர்களுக்கும் எழுதியது இது. கொழும்பின் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளே மனதில் உள்ளன: நாற்பது பேர் நெருக்கியிருக்கும் வகுப்பு, நாற்பது நிமிடப் பாடவேளை, ஒன்றரை மணிக்கு மணியடித்ததும் வாசலை அடைத்து நிற்கும் ஸ்கூல் வேன்கள், பின்னேரம் அதே முகங்கள் மறுபடி கூடும் டியூஷன் வகுப்பு.

எது பகிடி, எது வதை

"சும்மா பகிடிக்குத்தான் சேர்" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். பாதி வேளை அது உண்மையும்கூட. நோர்வேயில் வேலை செய்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ் இரண்டையும் பிரிக்க வகுத்த மூன்று அடையாளங்கள் இன்றும் போதும்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, படுகிறவரால் சமமாகத் திருப்பிக் கொடுக்க முடியாதிருப்பது. அவருடைய வினாக்கொத்தில் மாதம் இரண்டு மூன்று தடவை என்பதே எல்லைக்கோடு.

மூன்றாவது அடையாளத்தைத்தான் வகுப்பறையில் உடனே சோதிக்கலாம். ஒருவன் இன்னொருவனைப் பட்டம் சொல்லிக் கூப்பிடுகிறான். அந்த இன்னொருவன் பதிலுக்கு ஒரு பட்டம் வைத்தால் வகுப்பு அதே அளவு சிரிக்குமா? சிரிக்குமென்றால் விட்டுவிடலாம். வகுப்பு சட்டென்று அமைதியாகும், அல்லது "ஆ, இவருக்கும் வாய் வந்துட்டு" என்று அவன் மேலேயே திரும்பும் என்றால் அங்கே தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. படுகிறவன் சிரிப்பதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். கூடச் சிரித்தால் சீக்கிரம் முடியும் என்று பிள்ளைகள் மிக விரைவில் கற்றுக்கொள்கிறார்கள்.

எப்படித் தொடங்குகிறது

வகுப்பைக் கலைத்து அடுக்கும்போதெல்லாம் இது தலைதூக்கும். நம் பாடசாலைகளில் அதற்கு மூன்று பருவங்கள் உண்டு. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியில் வேறு பாடசாலைப் பிள்ளைகள் வந்து சேரும் தரம் 6. தொகுதிப் பாடத் தெரிவோடு வகுப்புகள் பிரிந்து சேரும் தரம் 10. சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் வெளியூர்களிலிருந்தும் பிள்ளைகள் வரும் உயர்தர வகுப்பு. யார் பெரியவன், யாருடைய பேச்சு எடுபடும் என்பது அப்போது தீர்மானமாகியிருக்காது. அமெரிக்காவில் ஆரம்பப் பாடசாலையிலிருந்து அடுத்த பாடசாலைக்கு மாறிய பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பெலகிரினியும் லோங்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வும் இதையே கண்டது. மாறியவுடன் சீண்டல் ஏறுகிறது. யார் எங்கே நிற்பது என்று தெளிந்ததும் இறங்குகிறது. சிரமம் என்னவென்றால், தெளியும்போது யாரோ ஒருவர் அடியில் போய் நின்றுவிடுகிறார். எல்லாருக்கும் இறங்கியது அவருக்கு மட்டும் இறங்குவதில்லை.

முதல் இரண்டு மூன்று கிழமைகளில் நடப்பதைத் தூண்டில் போடுவது என்று சொல்லலாம். ஒரு பிள்ளை பலர் மேல் சின்னச் சின்னதாக எறிந்து பார்க்கும். ஒருவரின் பென்சில் பெட்டி கைமாறிப் போகும், ஒருவர் வாசிக்கும்போது பின்னாலிருந்து எதிரொலி வரும், ஒருவரின் சாப்பாட்டுப் பெட்டிக்கு மூக்கைப் பொத்துவார்கள். இங்கே இரண்டு விடயங்கள் சோதிக்கப்படுகின்றன. யார் கூசுகிறார் என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது, யாருக்காக எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது. ஒருவனைச் சீண்டியதும் பக்கத்து மேசைக் கூட்டாளி "டேய் விடு" என்றால் தூண்டில் வேறிடம் போகும். ஒருவருமே வாய் திறக்கவில்லை என்றால் மறுநாளும் அங்கேதான் விழும்.

ஆகவே காரணங்களைத் தேடி அதிகம் அலைய வேண்டாம். உடல் பருமன், திக்குவாய், நிறம், அப்பாவின் தொழில் எல்லாம் கைப்பிடிகள்; கதவு வேறு. அதே வகுப்பில் அதே பருமனுள்ள இன்னொரு பிள்ளை கிரிக்கெட் டீமில் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கொழும்பில் எந்தக் கைப்பிடிகள் அடிக்கடி பிடிபடுகின்றன என்று தெரிந்து வைத்தால் காது கூர்மையாகும். பேச்சு வழக்குத்தான் முதலாவது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்த பிள்ளையின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தவணை முழுக்க ஓட்டுவார்கள். "தோட்டம்" என்ற சொல்லுக்கு இந்த ஊரில் இரண்டு முனை: மலையகத் தோட்டம் ஒன்று, நகரத்தின் நெருக்கமான குடியிருப்புத் தோட்டம் இன்னொன்று. இரண்டும் குத்தவே பயன்படும். இங்கிலிஷ் பாடத்தில் வாசிக்கும்போது பிழைக்கும் உச்சரிப்பு அடுத்தது. வீட்டு விலாசம் அதற்கும் அடுத்தது.

இனி, சிரிப்பு. சீண்டுகிறவருக்குக் கிடைக்கும் சம்பளம் அதுதான். பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவரோடு வேலை செய்தவர்களும் 1996இல் ஒரு வகுப்பின் பிள்ளைகளை அவர்கள் ஏற்கும் பாத்திரங்களாகப் பிரித்துக் காட்டினார்கள்: செய்கிறவர், கூட நின்று உதவுகிறவர், சிரித்து உற்சாகம் கொடுக்கிறவர், தள்ளி நிற்கிறவர், படுகிறவருக்காகப் பேசுகிறவர், படுகிறவர். ஆசிரியரின் கண் எப்போதும் முதலாமவரிலும் கடைசியாளிலும் போய் நிற்கும். வேலை நடுவில் உள்ளவர்களிடம் இருக்கிறது. கனடாவில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளை விளையாட்டு மைதானத்தில் படம்பிடித்துப் பார்த்து 2001இல் வெளியான ஆய்வொன்றில், 100இல் 88 சம்பவங்களில் வேறு பிள்ளைகள் கூட இருந்தார்கள். 19இல் மட்டுமே யாராவது தலையிட்டார்கள். தலையிட்டபோது பாதிக்கு மேற்பட்டவை 10 விநாடிக்குள் நின்றுபோயின. பத்து விநாடி என்பது ஒரு "டேய் போதும்" சொல்லி முடிக்கும் நேரம்.

சம்பளம் ஒழுங்காகக் கிடைத்தால் நான்கைந்து கிழமையில் பட்டப் பெயர் ஒட்டிவிடும். பிறகு வகுப்பு அதற்கு நியாயம் கட்டத் தொடங்கும்: "அவர் அப்படித்தான் மிஸ், ஒருத்தரோடயும் சேரமாட்டார்." சேர விடாததே சேராததற்குக் காரணமாகத் திரும்பி வருகிறது. அவரோடு சாப்பிட்டால் தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில், மனதில் இரக்கம் உள்ள பிள்ளைகளும் விலகும். படுகிற பிள்ளையின் நடப்பும் மாறும். முதல் மணிக்கு இரண்டே நிமிடம் இருக்கும்போதுதான் வந்து சேரும். ஆசிரியர் இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டாமே. இடைவேளைக்கு வெளியே போகாது. ஒன்றரை மணி வரை சிறுநீர் கழிக்கப் போகாத பிள்ளைகள்கூட உண்டு. இன்னும் சிலர் கோமாளியாகிவிடுவார்கள். வேறு சிலர் ஒருநாள் வெடிப்பார்கள்; அன்றைக்குக் கதிரையைத் தூக்கி எறிந்தவர் என்று பதிவில் ஏறும் பெயர் அவருடையதாகத்தான் இருக்கும். பார்க்கும் இடத்தில் அடித்தவரைப் பிடிப்பது எளிது, பார்க்காத இடத்தில் ஒரு மாதமாகக் குத்தியவரைப் பிடிப்பது கடினம். ஆகவே அமைதியான பிள்ளை திடீரென்று கைநீட்டினால், தண்டனைக்கு முன் கடந்த நான்கு கிழமையைக் கேளுங்கள்.

பெண் பிள்ளைகளிடம் பெரும்பாலும் சத்தமே இராது. "கதைக்காம விடுறது" தான் ஆயுதம். நேற்று வரை உயிர்த் தோழி, இன்று மேசையைச் சற்றுத் தள்ளிப் போட்டிருப்பாள். நெருக்கமாக இருந்த காலத்தில் சொன்ன இரகசியங்கள் மறுபக்கம் போய்ச் சேரும். இதைக் காதால் பிடிக்க முடியாது. யார் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் வேலை

பாடம் நடக்கும்போது வகுப்பு ஒழுங்காகவே இருக்கும். பார்க்க வேண்டியது இடுக்குகளில்: ஓர் ஆசிரியர் போய் அடுத்தவர் வருவதற்கு முன் உள்ள ஐந்து நிமிடம், ஆசிரியர் வராத ஃப்ரீ பீரியட், கன்டீன் வரிசை, மாடிப்படி, கழிவறை வாசல், விளையாட்டுக்கு உடுப்பு மாற்றும் நேரம். பத்துப் பாடசாலை நாட்களுக்கு, ஒருநாளைக்கு இரண்டு இடுக்குகளைத் தேர்ந்து, போகிற போக்கில் மூன்றே விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன நடந்தது, யார் சிரித்தார்கள், யார் முகத்தைத் திருப்பினார்கள். "சேட்டை செய்தார்" என்று எழுதினால் பிறகு பயன்படாது. "மூன்றாம் பாடவேளை முடிந்ததும் அவருடைய கொப்பி யன்னலால் போனது, பின்வரிசையில் நால்வர் சிரித்தார்கள்" என்று எழுதுங்கள்.

இந்தப் பத்து நாளைத் தவிர்க்க வேண்டாம். நீங்கள் தலையிடும்போது "எனக்குத் தெரியும், நான் கண்டேன்" என்று சொல்ல முடிவது இதனால்தான். அதைச் சொல்ல முடியாவிட்டால் படுகிற பிள்ளை கோள் சொன்னதாக வகுப்பு முடிவு கட்டிவிடும், அதன்பின் நீங்கள் செய்வதெல்லாம் அவர் தலையில் விடியும்.

இடையில் ஒருநாள் துண்டுத்தாள் வேலை ஒன்று செய்யலாம். பதினைந்து நிமிடம் போதும். சமூகவியலாளர்கள் 1930களிலிருந்து பயன்படுத்தும் பழைய முறை: "குழு வேலைக்கு யாரோடு சேர விருப்பம்? மூன்று பெயர் எழுதுங்கள்." பெயர் போட்ட தாள், மடித்து உங்கள் கையிலேயே தரவேண்டும், மொனிட்டர் சேர்க்கக் கூடாது. யாரைப் பிடிக்காது என்று கேட்கவே வேண்டாம்; அந்தக் கேள்வி வெளியே போனால் அதுவே புது விளையாட்டாகிவிடும். வீட்டில் இருந்து எண்ணிப் பாருங்கள். ஒருவராலும் எழுதப்படாத பெயர்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். அதிகம் எழுதப்பட்ட ஐந்தாறு பெயர்களும் வேண்டும், அவர்கள் உங்களுக்குப் பிறகு தேவைப்படுவார்கள். சீண்டலின் தலைவர் அந்த ஐந்தாறில் ஒருவராக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எல்லாராலும் வெறுக்கப்படும் முரடன் என்பது கதைகளில்தான் அதிகம்.

இன்னொரு தாள்: பாடசாலையின் கரடுமுரடான வரைபடம் ஒன்றை வரைந்து பிரதி எடுத்துக் கொடுத்து, "நிற்க விருப்பமில்லாத இடங்களைச் சிவப்பில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பெயர் தேவையில்லை. நாற்பது தாளில் இருபத்தைந்து ஒரே மாடிப்படியைச் சிவப்பாக்கினால் அதைப் பகுதித் தலைவரிடம் காட்டி, இடைவேளையில் அங்கே ஓர் ஆசிரியரை நிறுத்தக் கேட்கலாம். மாணவத் தலைவரை நிறுத்தலாமே என்று உடனே ஒருவர் சொல்வார். யார் அந்த மாணவத் தலைவர் என்று தெரிந்த பிறகு முடிவெடுங்கள்.

தலையிடும் ஒழுங்கு

சுவீடனின் அனடோல் பிகாஸ் உருவாக்கிய ஒரு முறை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. குற்றம் சாட்டாமல், கவலையை எல்லார் கையிலும் கொடுப்பது அதன் சாரம். நடத்துவதற்கு ஒரு பாடவேளை வேண்டும். சம்பந்தப்பட்ட நால்வர் என்றால் ஆளுக்குப் பத்து நிமிடம், நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். உடனே இடைவேளை வராத பாடவேளை ஒன்றைத் தெரிந்து, ரிலீஃபுக்கு ஒருவரைக் கேட்டு வையுங்கள். சீண்டலின் தலைவரை முதலில் கூப்பிடுங்கள். அவர் திரும்பி வகுப்புக்குள் போகும்போதே அடுத்தவர் வெளியே வந்துவிட வேண்டும். நடுவில் இடைவேளை மணி அடித்தால் நால்வரும் ஒன்றுகூடி ஒரே கதையைத் தயாரித்துவிடுவார்கள். இந்த முறை சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உட்கார வைத்துப் பேசுங்கள்.

"மகன், அவருக்கு வகுப்பில கொஞ்ச நாளா சரியில்லைன்னு எனக்குத் தெரியும். நீங்க என்ன கண்டீங்க?"

இதற்குப் பின் வாயை மூடிக்கொண்டு இருங்கள். அரை நிமிடம்கூட ஆகலாம். ஆசிரியர்களுக்கு இது மிகக் கஷ்டம். பதில் பெரும்பாலும் "அவரும்தான் சேர் வாயாடுறார்" என்று வரும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். "சரி, அப்படியும் இருக்கும். ஆனா இப்ப அவர் நல்லா இல்லை. அதை ஒத்துக்கொள்றீங்களா?" ஒத்துக்கொண்டதும் அடுத்தது: "இந்தக் கிழமை நீங்க என்ன செய்யலாம்?" "இனிச் செய்யமாட்டேன்" என்பதை ஏற்க வேண்டாம், அது மணியடிக்கும் வரை செல்லுபடியாகும் வாக்குறுதி. "இங்கிலிஷ் பீரியட்ல அவர் வாசிக்கேக்க சத்தம் போடமாட்டேன்", "சயன்ஸ் குரூப்பில அவரைச் சேர்ப்பேன்" என்பதுபோல, நடந்ததா இல்லையா என்று நீங்கள் பார்க்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். அவர் முன்னாலேயே நாட்குறிப்பில் எழுதி, அடுத்த கிழமை அதே நாளில் பார்ப்போம் என்று அனுப்புங்கள்.

சிரிக்கிறவர்களிடம் பேச்சு இன்னும் சுருக்கம். அவர்களில் பலருக்குத் தங்கள் சிரிப்பு கணக்கில் வருகிறது என்பதே தெரியாது. "அவர் சொல்றது உங்களுக்கு உண்மையா சிரிப்பா வருதா?" என்று தனியே கேட்டால், மூவரில் ஒருவராவது இல்லை என்பார்.

படுகிற பிள்ளையைக் கடைசியாக, அதே நாளில் பாருங்கள். நடந்ததைச் சொல்லுங்கள்; முறைப்பாட்டை எழுதச் சொல்ல வேண்டாம். அவரிடமும் ஏதாவது பிறரை எரிச்சலூட்டும் பழக்கம் இருந்தால் அதைப் பேசும் நாள் இது இல்லை, மூன்று கிழமை போகட்டும்.

"செய்தது பிழை, இன்றோடு நிறுத்து" என்று நேராகச் சொல்வது கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூடும். பாடசாலைகளில் வதையைத் தடுக்கும் பின்லாந்தின் கிவா திட்டத்தில் இரண்டு வழியும் பயன்படுத்திப் பார்த்தபோது மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எதைத் தொடங்கினீர்களோ அதில் நில்லுங்கள். அன்பாகத் தொடங்கி நடுவில் கத்துவதுதான் இரண்டையும் கெடுக்கும்.

இதே கிழமையில், துண்டுத்தாளில் அதிகம் எழுதப்பட்டவர்களில் இரண்டு அல்லது மூன்று பேரைத் தனியே கூப்பிடுங்கள். கிவா திட்டத்தின் பலமான பகுதி இது. கேட்பது சிறியதாக இருக்கட்டும்: இடைவேளையில் அவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் இருங்கள், யாராவது பட்டம் சொன்னால் சிரிக்காதீர்கள், அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சீண்டுகிறவரோடு சண்டைக்குப் போகச் சொல்ல வேண்டாம். வகுப்பில் மதிப்புள்ள பிள்ளையைத்தான் இதற்குக் கேட்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. நல்ல மனசுள்ள ஆனால் தனித்திருக்கும் பிள்ளையைக் கேட்டால், ஒரு மாதத்தில் உங்களிடம் படுகிறவர்கள் இருவராகிவிடுவார்கள்.

இருக்கை மாற்றும்போது முழு வகுப்பையும் மாற்றுங்கள், ஒருவரையும் சுட்டிக்காட்டாமல். சீண்டுகிறவரை முன்வரிசை நடுவில் வைப்பது பலரின் பழக்கம். அது அவருக்கு மேடை. சிரிப்புக்குக் கண்ணும் கண்ணும் சந்திக்க வேண்டும். ஆகவே அவர் திரும்பிப் பார்த்தால் சிரிக்கிறவர்களின் முகம் தெரியாத இடமாகப் பாருங்கள். இரண்டாம் மூன்றாம் வரிசையில் சுவரோரம் பொதுவாகச் சரிவரும். படுகிற பிள்ளையை மேசையோடு தனியே முன்னால் இழுத்து வைக்கக் கூடாது. வேறு பிரிவுக்கு மாற்றுவதும் கடைசி வழிதான், பட்டப் பெயர் அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

"நீங்களே குழு பிரியுங்க", "கப்டன்மார் ஆள் எடுங்க" என்ற இரண்டு வசனங்களையும் அந்தத் தவணைக்கு நிறுத்துங்கள். கடைசியில் மிஞ்சும் ஒருவரை எல்லாருக்கும் காட்டுவதற்கு இதைவிடத் திறமான ஏற்பாடு கிடையாது.

வழமையாகப் பிழைக்கும் இடங்கள்

இருவரையும் கூப்பிட்டு "கை குடுங்க, இனிக் கூட்டாளி" என்று முடிப்பதுதான் அதிகம் நடப்பது. இருவருக்கும் இடையில் சண்டை என்றால் அது சரிவரும். இங்கே நடப்பது சண்டை இல்லை. கைகுலுக்கும்போது படுகிறவர் மன்னிப்பும் கேட்க வேண்டியதாகிறது, வெளியே போனதும் கணக்கு வேறு தீர்க்கப்படுகிறது.

காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் அரை மணி உரை நிகழ்த்தினால் யாரைப் பற்றி என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். படுகிறவரின் பட்டத்துக்குப் புது விளம்பரம். அடி போடுவது, கல்வியமைச்சின் சுற்றறிக்கை உடல்தண்டனையைத் தடைசெய்கிறது என்பது ஒருபுறம் இருக்க, பலனும் தராது: அடிவாங்கியவர் வீரராக வகுப்புக்குத் திரும்புவார். பொறுப்புக் கொடுத்தால் திருந்துவார் என்று சீண்டுகிறவரையே மொனிட்டராக்குவதும் உண்டு. பெயர் எழுதும் அதிகாரம் கைக்கு வந்ததும் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "கண்டுக்காதீங்க, அவங்களாவே விட்டுடுவாங்க" என்ற புத்திமதி முதல் கிழமையில் சிலவேளை பலிக்கும். பட்டம் ஒட்டிய பிறகு, கண்டுகொள்ளாமல் இருப்பது இன்னும் பலமாகத் தட்டிப் பார்க்கச் சொல்லும் அழைப்பாகிவிடும்.

வேன், டியூஷன், ஃபோன்

வேனில் பல தரப் பிள்ளைகள், ஒரு மணித்தியாலம் வரை நெருக்கடி, முன்னால் பார்த்தபடி ஓட்டும் ஒரே பெரியவர். பின் சீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பெற்றோர் வேன் அங்கிளோடு இரண்டே விடயம் பேசினால் போதும்: பிள்ளையை நிரந்தரமாக முன்பக்கம் இருத்துங்கள், காரணம் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். டியூஷனிலும் அப்படியே, பாடசாலையில் நீங்கள் மாற்றிய இருக்கை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள அந்த வாங்கில் செல்லாது. அங்கே பிள்ளை யாரோடு போய் யாரோடு வருகிறது என்பதை வீட்டார்தான் ஒழுங்குபடுத்த வேண்டும்.

ஃபோனில் பொதுவாக நடப்பவை இவை: பிள்ளையின் முகத்தை வெட்டிச் செய்த ஸ்டிக்கர், அவரை மட்டும் விட்டுவிட்டுத் தொடங்கிய இரண்டாவது வாட்ஸ்அப் குரூப், குரல் செய்தியைச் சுற்றுக்கு விடுவது, போலிக் கணக்கு. படுகிறவர் குரூப்பை விட்டு வெளியேற முன் திகதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்க வேண்டும்; மறையும் செய்திகள் என்றால் இன்னோர் ஃபோனால் படம் எடுக்கலாம். பிறகு யார் குரூப்பில் சேர்க்கலாம் என்ற அமைப்பை "என் தொடர்புகள்" என்று மாற்றுங்கள். பிள்ளையின் ஃபோனைப் பறித்து வைக்க வேண்டாம். அடுத்த முறை அது சொல்லாது. ஒரு விதிவிலக்கு: பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படம் ஒன்று சுற்றுகிறது என்றால் ஆதாரத்துக்காகக்கூட அதை உங்கள் ஃபோனுக்கு எடுக்க வேண்டாம். வைத்திருப்பதே குற்றம். யாரிடமிருந்து, எந்தக் குரூப்பில், எப்போது என்று எழுதிக்கொண்டு முறைப்பாட்டுக்குப் போங்கள்.

வீட்டில்

"இண்டைக்கு யாரும் ஏதும் செஞ்சாங்களா?" என்று தினமும் கேட்டால் "இல்லை" என்ற பதில் பழகிப்போகும். "இடைவேளைக்கு எங்க இருந்தீங்க? யாரோட?" என்று கேளுங்கள். நான்கு நாள் தொடர்ந்து வகுப்பிலேயே, தனியே என்றால் விசாரிக்க வேண்டும். திங்கட்கிழமை காலை வயிற்றுவலி, திரும்பி வரும் வெற்றுத் தண்ணீர்ப் போத்தலுக்குப் பதில் நிறைந்த போத்தல், அடிக்கடி தொலையும் பேனை, கேட்காமல் கூடும் கைச்செலவு ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனியே ஒன்றுமில்லாததாக இருக்கலாம்.

சீண்டுகிற பிள்ளையின் வீட்டுக்கு நேரே போக வேண்டாம். இரண்டு குடும்பச் சண்டையாகி, அடுத்த நாள் வகுப்பே பக்கம் பிரிந்து நிற்கும். வகுப்பாசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: திகதி, இடம், நடந்தது, எத்தனை தடவை. பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள். ஒரு கிழமையில் அசைவில்லை என்றால் பகுதித் தலைவர், பிறகு அதிபர், அதற்கும் பிறகு வலயக் கல்வி அலுவலகம். விடுகைப் பத்திரம் வாங்கப்போவதாகத் தொடங்குகிறவர்களின் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

மேலே சொன்ன மென்மையான வழிகள் சிலவற்றுக்குப் பொருந்தாது: காயம், பணம் பறித்தல், பாலியல் தொல்லை, ஆயுதம். இவை அன்றே அதிபருக்குப் போக வேண்டியவை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குக் கட்டணமின்றிப் பேசலாம். பிள்ளை உயிரை விடுவதுபற்றிப் பகிடியாகச் சொன்னாலும் தனியே விடாமல், நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருபத்து நான்கு மணித்தியாலமும் உண்டு.

எப்படிக் கரைகிறது

ஒரேயடியாக நிற்காது. முதல் கிழமை திடீரென்று அமைதி வரும், அதை வெற்றியென்று எழுதிவிட வேண்டாம். இரண்டாம் மூன்றாம் கிழமையில் நீங்கள் இன்னும் பார்க்கிறீர்களா என்று சோதனை நடக்கும்: சத்தமில்லாத சைகை, ஓர் இருமல், பட்டப் பெயரின் முதலெழுத்து மட்டும். ஒத்துக்கொண்ட இரண்டாவது சந்திப்பை நீங்கள் மறந்திருந்தால் நான்காம் கிழமையில் எல்லாம் பழையபடி. மறக்கவில்லை என்றால் அது இடம் மாறும், அதனால்தான் வேனையும் டியூஷனையும் அந்த நேரத்தில் பார்க்கச் சொல்வது. ஆறாம் கிழமையில் துண்டுத்தாளை மறுபடி கொடுங்கள். ஒன்றுமில்லாத பெயருக்கு ஒரே ஒரு வாக்கு வந்திருந்தாலும் போதும். ஒரு கூட்டாளி உள்ள பிள்ளை மேல் தூண்டில் அவ்வளவாக விழுவதில்லை.

அதே சமயம் வேறு யாராவது அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்களா என்று பாருங்கள். சிரிப்புக்கான கூட்டம் கலையாமல் ஒருவரை மட்டும் காப்பாற்றினால் அது அடுத்தவரைத் தேடும். வகுப்பில் பொதுவாகச் சீண்டல் குறைந்து ஒருவர் மட்டும் இன்னும் பட்டுக்கொண்டிருந்தால் அவர் நிலை முன்பைவிட மோசமாகலாம் என்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் நடக்கும்போது "வகுப்பு சரியில்லை" என்று நினைத்தவர், தனக்கு மட்டும் என்றதும் "நான்தான் சரியில்லை" என்று நினைக்கிறார்.

எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். உலகெங்கும் நடந்த பாடசாலைத் திட்டங்களைச் சேர்த்து எடைபோட்டு டொஃபியும் ஃபரிங்டனும் 2011இல் வெளியிட்ட கணக்கில், சீண்டல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவே குறைந்தது. வயதும் கொஞ்சம் உதவும். தரம் 11 ஆகும்போது பரீட்சை, விளையாட்டு, வேறு நட்புகள் என்று மதிப்புத் தேட வேறு வழிகள் திறக்கும், சிரிப்பின் விலை இறங்கும். ஆனால் தரம் 7இல் அடியில் போய் நின்ற பிள்ளையிடம் நான்கு வருடம் பொறு என்று சொல்ல முடியாது.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து வரும் முதல் கிழமையிலும், ஒவ்வொரு தவணை தொடங்கும் கிழமையிலும் பத்து நாள் குறிப்பை மறுபடி எடுங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போவது பட்டப் பெயர். சீண்டல் ஓய்ந்த பிறகும் அது பழக்கத்தில் ஒட்டியிருக்கும். மொனிட்டர் எழுதும் பட்டியலிலும் கிரிக்கெட் ஸ்கோரிலும் எட்டிப் பார்க்கும். அதை வகுப்பில் திருத்த முன், ஆசிரியர் ஓய்வறையில் யாராவது அந்தப் பிள்ளையை அதே பெயரால் குறிப்பிடுகிறார்களா என்று ஒருநாள் காது கொடுத்துக் கேளுங்கள்.